ஏழரை அடி அகலம்: ஜோஜி லாவில் திம்மய்யா

ஸ்டுவர்ட் எம்5 டாங்கியின் அகலம் சுமார் ஏழரை அடி. எடை ஏறக்குறைய 15 டன். 1948-இல், காஷ்மீருக்காகப் பாகிஸ்தானோடு நடந்த போரின்போது, பால்தாலிலிருந்து ஜோஜி லா கணவாய்க்கு, அதாவது காஷ்மீரிலிருந்து லடாக் போகும் வாசலுக்கு, ஏறிய பாதையோ கோவேறு கழுதைகள் வரிசையாக நடந்து பழகிய தடம். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் அதலபாதாளம். எதிரே சுமையோடு ஒரு கழுதை வந்துவிட்டால் ஒதுங்கி நிற்க இடம் தேட வேண்டும். அந்தத் தடத்தில் டாங்கியை ஏற்றும் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டவர் டாங்கிப் படைக்காரர் அல்லர், காலாட்படைக்காரர். மேஜர் ஜெனரல் கே. எஸ். திம்மய்யா, குடகு மண்ணின் மடிக்கேரியில் 1906-இல் பிறந்தவர்.

திம்மய்யாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவர் தலைமைத் தளபதியாக இருந்தபோது கொடுத்த 1959-ஆம் ஆண்டு ராஜினாமாக் கடிதத்தில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். ராணுவம் தெரிந்தவர்கள் ஜோஜி லாவைச் சொல்வார்கள். அங்கேயும், தளபதியே முதல் டாங்கியில் ஏறிப் போனார் என்ற காட்சிதான் திரும்பத் திரும்ப வரும். அது நடந்ததுதான், துணிச்சலானதுதான். ஆனால் அந்த நவம்பர் 1-ஆம் தேதிப் பிற்பகலுக்கு முன்னால் பாதை வெட்டியதும், பாலங்களைத் தாண்டியதும், எஞ்சினை உறையாமல் வைத்திருந்ததும்தான் அந்தச் சண்டையின் முக்கால் பங்கு.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம்.

சாண்ட்ஹர்ஸ்ட் முடித்து 1926-இல் அதிகாரியானார். போய்ச் சேர்ந்தது 19-ஆவது ஹைதராபாத் ரெஜிமென்டின் 4-ஆவது பட்டாலியன், அதாவது 4/19 ஹைதராபாத். பின்னாளில் குமாவுன் ரெஜிமென்ட் ஆனது இதுதான். 1923-இல் பிரிட்டிஷ் அரசு எட்டு யூனிட்டுகளை மட்டும் பொறுக்கி, இந்திய அதிகாரிகளை அங்கேயே நிரப்புவது என்று முடிவெடுத்தது. இந்திய அதிகாரியின் கீழ் வெள்ளைக்கார அதிகாரி வேலை செய்ய நேரக்கூடாது என்ற கவலைதான் அந்த ஏற்பாட்டின் உள்குத்து. அந்த எட்டில் ஒன்று 4/19 ஹைதராபாத். இன்னொன்று 7-ஆவது லைட் கேவல்ரி. இந்த இரண்டாவது பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மலை உச்சியில் மறுபடி வரும்.

இரண்டாம் உலகப் போர் மூளும் தறுவாயில் 4/19 மலேயாவுக்குப் போனது. ஜப்பானியர் வருவதற்குள் திம்மய்யா மாற்றல் வாங்கி இந்தியா திரும்பியிருந்தார். 1942 ஜனவரி 7 அதிகாலை, ஸ்லிம் ஆற்றுப் பக்கம் காட்டு நடுவே போகும் ஒரே தார்ச்சாலையில் ஜப்பானியர் இருபது முப்பது டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி வந்தார்கள். அந்தச் சாலையில் முன்னணியில் நின்ற பட்டாலியன்தான் 4/19. ஒற்றைச் சாலையில், இரவில், காட்டுக்குள் டாங்கி வராது என்ற நம்பிக்கையில் இருந்தார்கள். சாலையை மறிக்கப் போதிய கண்ணிவெடியும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியும் இடத்தில் இல்லை. விடிந்து சில மணி நேரத்துக்குள் இரண்டு பிரிகேடுகள் சிதறின. திம்மய்யாவோடு வளர்ந்தவர்கள் சிறைக்குப் போனார்கள். அவருடைய அண்ணனும் சிங்கப்பூரில் சிக்கி, பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்.

ஒடுங்கிய ஒற்றைச் சாலை, 'இங்கே டாங்கி வராது' என்று நம்பியிருக்கும் எதிரி. ஏழு வருடம் கழித்து இதே கணக்கு, ஆட்களை மட்டும் இடம் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. திம்மய்யா ஸ்லிம் ஆற்றை நினைத்துத்தான் ஜோஜி லாவைத் திட்டமிட்டார் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. சொந்தப் பட்டாலியன் எப்படி அழிந்தது என்று தெரியாமல் ஒரு அதிகாரி இருந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

அவருடைய டி.எஸ்.ஓ., அதிகாரிகளுக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுக்கும் போர்ப் பதக்கம், பர்மாவின் அரக்கான் கரையில் வந்தது. 25-ஆவது இந்திய டிவிஷன் 1942-இல் பெங்களூரில் எழுப்பப்பட்டது. தென்னிந்தியக் கரையில் ஜப்பானியர் இறங்கினால் தடுப்பதற்கென்றே உருவானது. கரையில் யாரும் இறங்கவில்லை. டிவிஷன் பர்மாவுக்குப் போனது. அதன் 51-ஆவது பிரிகேடில் மூன்று பட்டாலியன்களையும் நடத்தியவர்கள் இந்தியர்கள்: 8/19 ஹைதராபாத்துக்குத் திம்மய்யா, 2/2 பஞ்சாபுக்கு தோரட், 16/10 பலூச்சுக்கு எல். பி. சென். அன்றைய ராணுவத்தில் இது ஒரு பரிசோதனை. தோற்றால் 'பார்த்தீர்களா' என்று சொல்லக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

1945 ஜனவரி 22-இல் அரக்கான் கரையிலுள்ள கங்கா (Kangaw) என்ற ஊரில் தரையிறக்கம். ஜப்பானியர் பின்வாங்கும் கரையோரச் சாலையை நடுவில் அறுப்பது நோக்கம். கங்கா என்றால் அலையாத்திக் காடும் சேறும் ஓடைகளும். அலை வற்றினால் படகு தரைதட்டும், அலை ஏறினால் பாதை மறையும். எல்லாமே ஓடை வழியாகத்தான் வரவேண்டும். பீரங்கிகளைச் சேற்றைத் தாண்டி இழுப்பதே பெரும்பாடு. 170-ஆவது குன்று என்று வரைபடத்தில் குறித்த மேட்டில் கமாண்டோக்கள் உட்கார்ந்திருந்தார்கள். 31-ஆம் தேதி ஜப்பானியர் அதன்மேல் பாய்ந்தபோது முதலில் குறிவைத்தது அங்கிருந்த ஷெர்மன் டாங்கிகளை. மூங்கில் கழி முனையில் வெடிமருந்தைக் கட்டிக்கொண்டு பொறியாளர்கள் ஓடிவந்து டாங்கியின் வயிற்றுக்குள் செருகினார்கள். உயிரோடு திரும்ப முடியாது என்று தெரிந்தே வந்தவர்கள். டாங்கி எவ்வளவு பயன்படும் என்பதும், பக்கத்தில் காலாட்படை இல்லாத டாங்கி எவ்வளவு சுலபமாகச் சாகும் என்பதும் ஒரே மேட்டில் தெரிந்தது.

51-ஆவது பிரிகேட் அந்தச் சண்டையில் சுற்றியிருந்த மேடுகளைப் பிடித்தது. மூன்று இந்தியத் தளபதிகளுக்கும் டி.எஸ்.ஓ. கிடைத்தது. பரிசோதனை முடிந்தது. அடுத்து திம்மய்யாவுக்கு 36-ஆவது பிரிகேட். உலகப் போரில் களத்தில் ஒரு பிரிகேடை நடத்திய ஒரே இந்தியர் என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

1948 மே மாதம் காஷ்மீர்க் களம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஜம்மு டிவிஷன் ஆத்மா சிங்கிடம், ஸ்ரீநகர் டிவிஷன் திம்மய்யாவிடம். வந்த கையோடு கோடைத் தாக்குதல். இதில் அவரைக் குறை சொல்ல இடமிருக்கிறது. ஹர்பக்ஷ் சிங்கின் 163-ஆவது பிரிகேட் மே 18-இல் ஹந்த்வாராவிலிருந்து கிளம்பி, நஸ்தாசூன் கணவாயைத் தாண்டி 23-ஆம் தேதி தித்வாலைப் பிடித்துவிட்டது. கிஷன்கங்காவின் கரை. அந்தப் பக்கம் முசாஃபராபாத் கைக்கெட்டும் தூரம். ஆனால் திட்டப்படி முக்கியத் தாக்குதல் ஊரி வழியாக, ஜீலம் பள்ளத்தாக்கில். அங்கே சாலை இருந்தது, அதனால் லாரி, பீரங்கி எல்லாம் அங்கே குவிந்தன. சாலை இருக்கும் இடத்தில் எதிரியும் இருப்பான். ஊரி முன்னேற்றம் முட்டிக்கொண்டு நின்றது. தித்வாலில் வேகம் இருந்தது, பின்னால் சுமை வரவில்லை. பாதி வழியில் திட்டத்தை மாற்றி எடையை வடக்கே திருப்பியிருக்கலாம் என்று பின்னாளில் பலர் எழுதினார்கள். எனக்கும் அதுதான் படுகிறது. அதற்கப்புறம் தித்வால் மேடுகளுக்காக மாதக் கணக்கில் சண்டை. பீரு சிங்கும் கரம் சிங்கும் பரம் வீர் சக்கரம் பெற்றது அங்கேதான், பீரு சிங்குக்கு அது உயிர் போனபின்.

வடகிழக்கில் நிலைமை இன்னும் மோசம். மே மாதத்தில் கார்கில் போயிருந்தது. ஜூனில் திராஸ். பிறகு ஜோஜி லாவும். ஸ்கர்தூவில் ஷேர் ஜங் தாபா பிப்ரவரியிலிருந்து முற்றுகைக்குள். டகோட்டா விமானம் அந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் தாழ்ந்து பறந்து மூட்டை போட முடியவில்லை. கடைசியில் டெம்பெஸ்ட் போர் விமானங்களில் குப்பி கட்டி ரவை போட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதம் தாங்கி, ஆகஸ்ட் 14-இல் ஸ்கர்தூ விழுந்தது. திம்மய்யாவின் கணக்கில் அது தோல்விதான். அனுப்ப ஆளும் வழியும் இல்லாத தோல்வி.

லடாக்கின் தலைநகரான லே மட்டும் மிஞ்சியிருந்தது. அங்கே பொறியாளர் சோனம் நோர்பு லடாக்கி மக்களை வைத்து சிந்து நதிக்கரையில் ஒரு ஓடுதளத்தைச் சமன்படுத்தியிருந்தார். கடல் மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கு மேல். மே 24-இல் ஏர் கமடோர் மெஹர் சிங் அங்கே டகோட்டாவை இறக்கினார். பக்கத்தில் உட்கார்ந்து போனவர் திம்மய்யா. இறக்கையில் படியும் பனியை நீக்கும் வசதி அந்த விமானத்தில் கிடையாது, அறைக்குள் காற்றழுத்தம் கிடையாது, வழிக்குச் சரியான வரைபடமும் கிடையாது. டிவிஷன் தளபதி இப்படிப்பட்ட விமானத்தில் ஏறலாமா என்று கேட்டால் கூடாது என்பதுதான் பாடப்புத்தக விடை. ஆனால் இறங்கிக் காட்டியபிறகு, கூர்க்காக்களை ஏற்றிக்கொண்டு அடுத்தடுத்த விமானங்கள் போக யாரும் தயங்கவில்லை.

விமானத்தால் லேயை உயிரோடு வைத்திருக்கலாம், காப்பாற்ற முடியாது. ஒரு டகோட்டா நல்ல நாளில் சமதளத்தில் இரண்டரை டன் தூக்கும். அந்த உயரத்தில் அதையும் குறைக்க வேண்டும். மேகம் இறங்கினால் நாள் கணக்கில் ஒன்றும் வராது. குளிர்காலம் வந்தால் ஜோஜி லா பனியில் மூடி, வசந்தம் வரை திறக்காது. அதற்குள் தரைவழி திறக்காவிட்டால் அடுத்த கோடையில் மீட்க லே மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

செப்டம்பரில் 77-ஆவது பாரா பிரிகேட், பிரிகேடியர் அடலின் கீழ், கணவாயை நேருக்கு நேர் மோதியது. 'வாத்து' என்று பெயர் வைத்த நடவடிக்கை. முடியவில்லை. மறுபடி முயன்றார்கள், மறுபடியும் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் டாங்கி என்ற விடை அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது.

ஜோஜி லா 11,575 அடி. அதை உச்சி என்று நினைக்கக் கூடாது. ஏறிமுடித்தால் இருபுறமும் மலைச்சுவர் எழும்பி நிற்கும் ஒரு குறுகிய வாய், அதற்கப்பால் கும்ரி என்ற வெளி. சுவர்களின் பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் எதிரியின் மெஷின்கன்கள், 3.7 அங்குலப் பீரங்கியும் உண்டு. பெரும்பாலும் பாகிஸ்தான் பக்கம் நின்ற கில்கிட் ஸ்கவுட்ஸ் படையினர், மலையில் பிறந்தவர்கள். வாய்க்குள் நுழையும் எவனும் இரண்டு பக்கத்துச் சூட்டுக்கும் நடுவில் மாட்டுவான். இரவில் நுழைந்தாலும் விடிவதற்குள் சுவரில் ஏறிப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில் வெட்டவெளியில் கிடக்க வேண்டும்.

பீரங்கி ஏன் உதவவில்லை? 25 பவுண்டர் பீரங்கியின் குண்டு 11 கிலோ சொச்சம், வளைந்து மேலே போய்க் கீழே விழும். குகைக்கு மேலே முப்பது அடி பாறை கூரையாக இருக்கிறது. குண்டு கூரையில் வெடிக்கும், உள்ளே இருப்பவனுக்குக் காது அடைக்கும், அவ்வளவுதான். சூடு நின்றதும் அவன் மெஷின்கன்னுக்குத் திரும்பிவிடுவான். விமானம் வேகத்தில் கடக்கிறது, இடுக்கைப் பார்த்துக் குறிவைக்க நேரம் கிடைப்பதில்லை. அந்தத் துளைக்கு நேரே ஒரு துப்பாக்கியைக் கொண்டுபோய் நிறுத்தி, உள்ளே பார்த்துச் சுட்டால்தான் உண்டு. ஸ்டுவர்ட்டின் 37 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒரு கிலோவுக்கும் குறைவு. 1944-லேயே ஐரோப்பாவில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜெர்மன் டாங்கிமேல் பட்டால் கல்லெறிந்த மாதிரி. ஆனால் சில நூறு கெஜத்திலிருந்து நேர்கோட்டில் பங்கர் வாய்க்குள் போகும் ஒரு கிலோ, கூரையில் விழும் பதினொரு கிலோவைவிட மேல். மெஷின்கன் ரவை டாங்கியின் தோலில் தெறித்துப் போகும். அதிகம் சோபிக்காத இந்தச் சின்ன டாங்கிதான் அந்த இடத்துக்குச் சரியான அளவு. ஷெர்மன் இரண்டு மடங்கு எடை, பாலங்களில் ஒன்றைக்கூடத் தாண்டியிருக்காது.

டாங்கிகள் 7-ஆவது லைட் கேவல்ரியினுடையவை. அந்த எட்டுப் பட்டியலில் இருந்த அதே யூனிட். அதன் வேர் 1784-இல் எழுப்பிய மெட்ராஸ் குதிரைப்படையில் இருக்கிறது. தளபதி லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங், எல்லாரும் 'ஸ்பேரோ' என்றே கூப்பிட்டவர். டாங்கிகள் அப்போது ஜம்மு பக்கம் அக்னூரில் இருந்தன. அங்கிருந்து பால்தால் வருவதுதான் முதல் சோதனை.

அன்றைக்கு ஜவஹர் சுரங்கம் கிடையாது, அது 1956-இல்தான் திறந்தது. ஜம்மு-ஸ்ரீநகர் சாலை பனிஹால் கணவாயின் மேலேயே ஏறி இறங்கியது. வழி நெடுகப் பாலங்கள், லாரிக்குக் கட்டியவை. 15 டன் டாங்கி அதன் சொந்த எஞ்சினில் ஓடினால் பாலத்துக்கு எடை மட்டும் அல்ல, செயின் அதிர்வும் பிரேக் உதறலும் சேர்ந்து விழும். ஆகவே கோபுரத்தை, அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பகுதியை, கழற்றித் தனி லாரியில் ஏற்றினார்கள். மிச்சத்தைப் பாலத்தின் இந்தப் பக்கம் நிறுத்தி, அந்தப் பக்கம் வின்ச் வைத்து வடத்தால் மெதுவாக இழுத்தார்கள். பாலத்தின்மேல் ஒரு நேரத்தில் ஒரே எடை, நடை வேகத்தில், ஒரே சீராக. கோபுரம் இல்லாத டாங்கியைத் தார்ப்பாய் போட்டு மூடினால் டாங்கி மாதிரித் தெரியாது என்பது கூடுதல் வசதி. ஸ்ரீநகரை ஊரடங்கு போட்டு இரவில் கடந்தார்கள். கடைத்தெருவில் ஒருவர் கண்ணில் பட்டால் போதும், சேதி கில்கிட் போய்விடும். பால்தாலில் மறுபடி கோபுரத்தை ஏற்றி, பீரங்கியையும் தொலைநோக்கியையும் ஒன்றுக்கொன்று நேர்செய்ய வேண்டும். கழற்றி மாட்டிய பீரங்கியை நேர்செய்யாமல் சுட்டால் குண்டு பங்கர் வாய்க்கு மேலே மூன்று அடி தள்ளிப் போகும். மேலே இருக்கும் கணக்கெல்லாம் வீண்.

இனி பாதை. ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் இரண்டு ஃபீல்டு கம்பெனிகள், மேஜர் தங்கராஜுவின் தலைமையில். ராணுவத்தில் இவர்களைத் 'தம்பிகள்' என்று கூப்பிடுவது வழக்கம். தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் பேசும் ஆட்கள், பனியைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லர். பால்தாலிலிருந்து கணவாய் வாய்க்கு 2,000 அடிக்கும் மேல் ஏற்றம். மேலே எதிரி, கீழே இவர்கள் கடப்பாரையோடு. சூட்டுக்கு இடையே வெட்டிய பாதை அது.

மலைப்பாதையை அகலப்படுத்த இரண்டு வழி உண்டு. பள்ளத்துப் பக்கம் கல் அடுக்கி மண் நிரப்பி நீட்டலாம், இது சீக்கிரம் ஆகும். மலைப் பக்கம் பாறையைக் குடைந்து உள்ளே போகலாம், இது தாமதம். ஜீப்புக்கு முதல் வழி போதும். டாங்கிக்கு ஆகாது. டாங்கியின் பாதி எடை வெளிச் செயினில் இருக்கிறது. அது புதிதாக நிரப்பிய மண்ணில் ஏறினால் கல் அடுக்கு வெளியே பிதுங்கும், விளிம்போடு சேர்ந்து டாங்கி கீழே போகும். எனவே வெளிச் செயின் பழைய கெட்டித் தடத்தில் ஓடுமாறு, உள்பக்கம் பாறையை வெட்ட வேண்டும். உளியும் சம்மட்டியும் வைத்துத் துளை போட்டு, வெடிமருந்து திணித்து உடைக்கிற வேலை. வெடித்தபின் கல்லை அப்புறப்படுத்துவது அதைவிட நேரம் பிடிக்கும்.

கொண்டை ஊசி வளைவு இன்னொரு தலைவலி. ஸ்டுவர்ட் இன்றைய டாங்கி மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றாது. ஒரு செயினைப் பிரேக் பிடித்து மெதுவாக்கி, அரைவட்டம் அடித்துத்தான் திரும்பும். வளைவில் அகலம் போதாவிட்டால் முன்னும் பின்னும் போய்ப் போய்த் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பும்போது தரையை உழுதுவிடும். பின்னால் வருகிற டாங்கிக்குச் சேறுதான் மிஞ்சும். பகலில் உருகுகிற பனித்தண்ணீர் பாதையிலேயே தேங்கி, இரவில் கண்ணாடி மாதிரி இறுகும். செயினின் ரப்பர் கட்டைகளுக்கு அதில் பிடி கிடைக்காது. தண்ணீரை ஓரமாக வடியவிடும் சின்னக் கால்வாய்தான் அந்தப் பாதையின் முக்கிய உறுப்பு, படத்தில் அது தெரியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், முதல் டாங்கி நடுவழியில் நின்றுவிட்டால் பின்னால் வருவதெல்லாம் அடைபடும் என்பது.

வெளிப் பார்வைக்கு அது ஜீப் பாதை. மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவனும் ஜீப்பையோ லாரியையோ எதிர்பார்த்திருப்பான்.

உயரமும் குளிரும் எஞ்சினை என்ன செய்யும்? ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் வீதம் பெட்ரோல் எஞ்சின் சக்தி இழக்கும். ஜோஜி லாவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஸ்டுவர்ட்டில் இரண்டு கடிலாக் எஞ்சின்கள், கியர் தானாக மாறும். இது இங்கே வரப்பிரசாதம், ஏற்றத்தில் கியர் தவறவிட்டு டாங்கி பின்னோக்கி உருளும் ஆபத்து குறைவு. தண்ணீர் அந்த உயரத்தில் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் ஏற்றத்தில் ரேடியேட்டர் சீக்கிரம் பொங்கும். அதே தண்ணீர் இரவில் உறைந்து குழாயை வெடிக்க வைக்கும். ஒன்று, இரவில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் மணிக்கு ஒருமுறை எஞ்சினை ஓட்டிச் சூடேற்ற வேண்டும். தாக்குதலுக்குத் தயாராக நிற்கும் டாங்கியில் தண்ணீரை வடிக்க முடியாது, ஓட்டத்தான் வேண்டும். அதற்கு பெட்ரோல் செலவு, கூடவே சத்தம்.

ஆளுக்கும் இதே கதை. நனைந்த காலுறையோடு ஒரு இரவு நின்றால் விரல் போகும். ராணுவ பூட்ஸின் அடியில் இரும்பு ஆணிகள், அவை குளிரைப் பாதத்துக்குள் கடத்தும். துப்பாக்கியின் போல்ட்டில் வழக்கமான எண்ணெய் பிசினாகி உறைந்துவிடும், துடைத்து எடுத்துவிட்டு உலர்ந்த போல்ட்டோடு போவது நல்லது. 88 டிகிரியில் பருப்பு வேகாது. ஜோஜி லாவுக்கு அப்பால் மரமும் கிடையாது, விறகுக்கும் எண்ணெய்க்கும் கழுதைதான் சுமக்க வேண்டும். ஒரு கழுதை விறகு சுமந்தால் ஒரு கழுதை ரவை குறையும். டிவிஷன் தளபதியின் மேசையில் இருக்கும் கணக்கு பெரும்பாலும் இதுதான்.

அக்டோபரிலேயே நடந்திருக்க வேண்டிய தாக்குதல், பனிப்பொழிவால் தள்ளிப்போனது. இதற்குள் கரியப்பா, மேற்குக் களத்தின் தளபதி, அவரும் குடகுக்காரர், வாத்து என்ற பெயரை மாற்றிக் 'காட்டெருது' என்று வைத்தார். பெயர் மாற்றத்தால் சண்டை ஜெயிக்காது. ஆனால் வாத்து இரண்டு தடவை அடி வாங்கியிருந்தது.

நவம்பர் 1. இரண்டு ரெஜிமென்ட் 25 பவுண்டர்களும் ஒரு ரெஜிமென்ட் 3.7 அங்குல மலைப்பீரங்கிகளும் முதலில் முழங்கின. பிற்பகல் வானம் மங்கலாக இருந்தது. ஸ்டுவர்ட்கள் வரிசையாகக் கணவாய் வாய்க்குள் நுழைந்தன, முன் டாங்கியில் திம்மய்யா. ஒரு ஜெனரலுக்கு அங்கே என்ன வேலை? கறாராகச் சொன்னால் ஒன்றுமில்லை. டாங்கிக்குள்ளிருந்து டிவிஷனை நடத்த முடியாது. ஆனால் 11,500 அடியில் டாங்கியா என்று தலையசைத்தவர்கள் அவர் படையிலேயே இருந்தார்கள். செப்டம்பரில் இரண்டு முறை தோற்று இறங்கிய ஆட்கள்தான் இப்போது டாங்கிக்குப் பின்னால் நடக்க வேண்டும். லேயில் முதல் டகோட்டாவில் ஏறியதும் இதே காரணத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். இரண்டு தடவையும் பிழைத்துக்கொண்டார். ஒன்றில் தவறியிருந்தால் இதை அசட்டுத்துணிச்சல் என்றுதான் எழுதியிருப்போம்.

உள்ளே நடந்தது கணக்குப்படி நடந்தது. கும்ரி வெளியில் வந்ததும் டாங்கிகள் இருபுறச் சுவரிலும் இருந்த பங்கர்களின் வாயைத் தேடிச் சுட்டன. எதிரியிடம் டாங்கியைத் துளைக்கும் ஆயுதம் தயாராக இல்லை, தேவைப்படும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. லெப்டினன்ட் கர்னல் சுக்தேவ் சிங்கின் 1 பாட்டியாலா பட்டாலியன் டாங்கிகளின் பின்னாலேயே நடந்து வந்தது, பிறகு இருட்டில் முன்னே போனது. வாரக்கணக்கில் அசையாத கணவாய் ஒரு பிற்பகலில் திறந்தது. 4-ஆம் தேதி, கணவாய்க்கு அப்பாலுள்ள மாதாயன் கைக்கு வந்தது.

அதற்கப்புறம் எல்லாம் உருண்டோடியது என்று நினைக்க வேண்டாம். பிந்த்ராஸ் அருகே பள்ளத்தாக்கு மறுபடி ஒடுங்குகிறது. இந்த முறை எதிரி சுதாரித்துக்கொண்டு, டாங்கியின் பீரங்கி எட்டாத உயரத்தில் ஏறி உட்கார்ந்தான். கோபுரத்தின் பீரங்கியை மேல்நோக்கித் தூக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. பள்ளத்தாக்கின் அடியில் நின்றுகொண்டு தலைக்கு மேலிருக்கும் முகட்டைச் சுட முடியாது. பத்து நாள் அங்கே முடங்கினார்கள். கடைசியில் பழைய முறைதான்: நவம்பர் 13 இரவு காலாட்படை உறைபனியில் சுவரேறி முகடுகளைப் பிடித்தது. அப்புறம்தான் டாங்கிகள் கீழே நகர்ந்தன. மாத நடுவில் திராஸ். 24-ஆம் தேதி கார்கிலில், லேயிலிருந்து வந்த படையோடு கைகோத்தார்கள். அதற்குள் ஜோஜி லாவின் பனி இறுகத் தொடங்கியிருந்தது. 1949 பிறக்கும் நள்ளிரவில் போர்நிறுத்தம். லே-ஸ்ரீநகர் சாலை இந்தியாவின் கையில் இருந்தது, ஸ்கர்தூ மறுபக்கம் நின்றுவிட்டது.

ஸ்பேரோவுக்கும் சுக்தேவ் சிங்குக்கும் மகா வீர் சக்கரம். திம்மய்யாவின் மார்பில் கங்காவின் டி.எஸ்.ஓ. இருந்தது, 1954-இல் பத்ம பூஷண் சேர்ந்தது, அது கொரியாவில் போர்க்கைதிகள் விவகாரத்தைக் கையாண்ட பிறகு. 1957-இல் தலைமைத் தளபதியானார், 1965 டிசம்பரில் சைப்ரஸில் ஐ.நா. படையின் தளபதியாக இருக்கும்போது இறந்தார். தங்கராஜுவின் தம்பிகள் வெட்டிய தடம் பிறகு பல தடவை அகலப்படுத்தப்பட்டுவிட்டது. பால்தாலுக்கு மேலே அந்த ஏற்றத்தில் இன்றைக்கும் லாரிகள் உள்பக்கப் பாறையை உரசிக்கொண்டுதான் ஏறுகின்றன.